மெயில் சப்ஜெக்டில் தமிழ்: எந்த வழியில் அனுப்புவது?

ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். பணம் கட்டியதும் வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போகும். சப்ஜெக்ட்: "உங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது". எங்கள் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஒழுங்காகத்தான் வந்தது. இரண்டு வாரம் கழித்து மண்டப மேனேஜர் போன் செய்தார். "தம்பி, ஒருத்தர் மெயிலை பிரிண்ட் எடுத்துட்டு வந்து நிக்கறார். முன்பதிவுங்கிற இடத்துல கறுப்பா ஏதோ டைமண்ட், அதுக்குள்ள கேள்விக்குறி. இது நிஜமாவே உங்க மெயில்தானா, இல்ல ஏமாத்து வேலையான்னு கேக்கறார்."

படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "உங்கள் முன்பதிவ" வரைக்கும் சுத்தமாக இருந்தது. உகரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்பு டைமண்ட். அதற்கப்புறம் "உறுதி செய்யப்பட்டது", ஒரு பிசிறு கூட இல்லை. ஒரு வரி முழுக்க ஒரே ஒரு குறி மட்டும் உடைந்திருந்தது.

மெயில் அனுப்பும் அந்த கோட் நான் எழுதியதுதான். ஒன்றும் தெரியாமல் எழுதியிருந்தால் இந்தத் தவறே வந்திருக்காது. பாதி தெரிந்துகொண்டு எழுதியதால் வந்தது. அது எப்படி என்று கீழே வருகிறது. அந்த வாரம் உட்கார்ந்து, தமிழ் சப்ஜெக்டை அனுப்ப என்னென்ன வழி உண்டு, எதில் எந்த இடத்தில் இடறும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. சப்ஜெக்ட், அனுப்புநர் போன்ற தலைப்பு வரிகளுக்கு ஹெடர் என்று பெயர். மெயில் ஹெடரின் இலக்கணம் 1982-இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற இணைய விதி ஆவணத்தில் உறுதியானது. ஏழு பிட் ஆஸ்கி, அவ்வளவுதான். ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர வேறு எதற்கும் அதில் இடமில்லை. அந்த அமைப்பை உடைக்காமல் மற்ற மொழிகளை உள்ளே கொண்டுவர 1992-இல் கீத் மூர் ஒரு வழி எழுதினார். அது திருத்தப்பட்டு 1996 நவம்பரில் ஆர்எஃப்சி 2047 ஆக வந்தது. இன்றைக்கும் உங்கள் இன்பாக்ஸில் தமிழ் சப்ஜெக்ட் வருகிறதென்றால் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது.

வழி இதுதான்: தமிழை ஆஸ்கி எழுத்துகளாக மாற்றி ஒரு பொட்டலமாகக் கட்டுவது. பொட்டலம் =? என்று தொடங்கும். அடுத்து எந்த எழுத்து முறை என்ற பெயர், ஒரு கேள்விக்குறி, எந்த விதத்தில் மடித்தது என்பதற்கு பி அல்லது க்யூ என்ற ஓர் எழுத்து, இன்னொரு கேள்விக்குறி, சரக்கு, கடைசியில் ?= என்று முடிச்சு. ஆவணத்தில் இதற்கு என்கோடட் வேர்ட் என்று பெயர். நான் பொட்டலம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். எழுத்து முறை என்ற இடத்தில் இன்று, யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 தவிர வேறு எதையும் போடக் காரணமில்லை. யூனிகோடுக்கு முன் புழங்கிய தமிழ் எழுத்து முறையான திஸ்கி கூட, இணையப் பெயர்களையும் எண்களையும் பதியும் ஐயானா அமைப்பின் பதிவேட்டில் முறையாகப் பதிவான பெயர்தான் என்பது பழைய ஆட்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

பொட்டலத்துக்குச் சில விதிகள் உண்டு. ஒன்று 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. பொட்டலம் இருக்கிற வரி 76-ஐத் தாண்டக் கூடாது. நீளமான சப்ஜெக்ட் என்றால் பல பொட்டலமாக்கி, அடுத்த வரியை ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். ஓர் எழுத்தின் பைட்டுகளைப் பாதியில் வெட்டி இரண்டு பொட்டலத்தில் பிரித்துப் போடக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு பொட்டலத்துக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் படிக்கிற மென்பொருள் விழுங்கிவிடும். எனவே சொல்லுக்கு நடுவே வேண்டிய இடைவெளி பொட்டலத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். மேற்கோள் குறிக்குள்ளே பொட்டலம் வரக் கூடாது.

இதில் தமிழுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. யூனிகோடில் தனி எண் பெற்ற ஒவ்வோர் எழுத்தும் குறியும் ஒரு கோட் பாயிண்ட். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு கோட் பாயிண்டும் 3 பைட். "கு" என்பது நமக்கு ஓரெழுத்து. யூனிகோடுக்கு ககரமும் உகரக் குறியுமாக இரண்டு, அதாவது 6 பைட். பி என்றால் பேஸ்64, பைட்டுகளை ஆஸ்கி எழுத்துகளாக மாற்றும் ஒரு முறை. அதில் 3 பைட் 4 எழுத்தாகிறது. பொட்டலத்தின் மேலுறைக்கு மட்டும் 12 எழுத்து போய்விடும். மீதி 63. பேஸ்64 நான்கு நான்காகத்தான் வளரும் என்பதால் 60 எழுத்து, அதாவது 45 பைட், அதாவது 15 கோட் பாயிண்ட். ஒரு பொட்டலத்துக்கு அவ்வளவுதான் கொள்ளளவு.

"உங்கள் முன்பதிவு" என்பதை எண்ணிப் பாருங்கள். இடைவெளி ஒரு பைட், மீதி 15 கோட் பாயிண்ட் 45 பைட். மொத்தம் 46. ஒரே ஒரு பைட்டால் எல்லை தாண்டிவிடுகிறது. ஆங்கிலக்காரர்கள் எழுதிய உதாரணங்களில் நீளப் பிரச்சினை அநேகமாக வருவதே இல்லை. பிரெஞ்சுக்காரருக்கும் அபூர்வம். நமக்கு இரண்டாவது சொல்லிலேயே வந்துவிடும்.

அப்படியே அனுப்பிவிடலாமா?

எந்தப் பொட்டலமும் கட்டாமல் யூடிஎஃப்-8 பைட்டுகளை நேராக ஹெடரில் வைப்பது முதல் வழி. ஆச்சரியம், பல இடங்களில் இது வேலை செய்யும். உங்கள் மெயிலுக்கு நீங்களே அனுப்பிப் பார்த்தால் அழகாகத் தெரியும். அங்கேதான் ஆள் ஏமாந்துபோவது.

இதற்கு முறைப்படி அனுமதியும் இருக்கிறது. மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6531, 6532 இரண்டும் அதற்கு எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்ற நீட்சியைக் கொண்டுவந்தன. ஜிமெயில் 2014-இலும், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் 2015-இல் தன் 3.0 பதிப்பிலும் இதை ஏற்றுக்கொண்டன. ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. உங்கள் சர்வரிலிருந்து கடைசி இன்பாக்ஸ் வரை நடுவில் இருக்கும் ஒவ்வொரு சர்வரும் "எனக்கு இது தெரியும்" என்று சொல்ல வேண்டும். ஒன்று சொல்லாவிட்டாலும் மெயில் திரும்பிவிடும். எந்த ஊரில் எந்த அலுவலகத்தில் எந்தக் காலத்து சர்வர் ஓடுகிறது என்று அனுப்புகிறவருக்கு எப்படித் தெரியும்?

அந்த நீட்சியை அறிவிக்காமலே பச்சையாகத் தள்ளினால் இன்னொரு விதம். பெறுகிற மென்பொருள் ஊகிக்கத் தொடங்கும். லத்தீன் எழுத்து என்று ஊகித்துவிட்டால், தலையில் கோடு போட்ட ஒரு ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி, மறுபடியும் கோடு போட்ட ஏ என்று வரிசையாக வரும். தமிழில் கணினி வேலை பார்த்த யாருக்கும் இந்த முகம் அறிமுகமாகியிருக்கும். நம் எழுத்துகள் எல்லாமே 224, 174 அல்லது 224, 175 என்ற பைட் ஜோடியில்தான் தொடங்குகின்றன. அதனால்தான் ஒரே முகம் திரும்பத் திரும்ப வருகிறது. இது போதாதென்று ஸ்பாம்அசாசின் போன்ற வடிகட்டிகளில் சப்ஜெக்டில் பச்சையான எட்டு பிட் எழுத்து இருந்தால் சந்தேகப் புள்ளி கூட்டும் விதிகளும் உண்டு.

ஆகவே சப்ஜெக்டுக்கு இந்த வழி வேண்டாம். ஆனால் ஒரே ஓர் இடத்தில் இதை விட்டால் வேறு கதியில்லை: முகவரியே தமிழில் இருந்தால். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற டொமைன்கள் நடைமுறையில் இருக்கின்றன. டொமைன் பகுதியை ப்யூனிகோடாக மாற்றி ஆஸ்கியில் அனுப்பிவிடலாம். @ குறிக்கு முன்னால் இருக்கிற பகுதியை அப்படி மாற்ற வழியில்லை. பொட்டலம் கட்டவும் விதி இடம் கொடுக்காது. அப்படி முகவரி வைத்திருக்கும் வாடிக்கையாளர் வந்தால் எஸ்எம்டிபியூடிஎஃப்8 பற்றி யோசிக்கலாம்.

ஒற்றை வரி வைத்தியம்

இரண்டாவது வழி எல்லோருக்கும் பழக்கமானது. சப்ஜெக்டை முழுசாக பேஸ்64 ஆக்கு, முன்னால் ஒரு தலை, பின்னால் ஒரு வால், வேலை முடிந்தது. எந்த மொழியிலும் ஒரே வரி கோட். பிஎச்பியில் மெயில் என்ற ஃபங்ஷன் சப்ஜெக்டைத் தானாக என்கோட் செய்யாது என்பதால் அந்தப் பக்கம் இந்த ஒற்றை வரி நிறையப் புழங்குகிறது. மண்டபத்து மென்பொருளும் பிஎச்பிதான்.

உண்மையைச் சொன்னால், இந்த ஒற்றை வரி பெரும்பாலும் ஓடும். 75 எழுத்து விதியை மீறினாலும் பெரிய மெயில் சேவைகள் கண்டுகொள்ளாமல் பிரித்துக் காட்டிவிடும். விதியைக் கறாராகப் பார்க்கிற மென்பொருள் மட்டும் இது பொட்டலமே இல்லை என்று முடிவு செய்து, =? என்று தொடங்கும் குப்பையை அப்படியே காட்டும். எனக்கு அந்த மீறல் உறுத்தியது. அதனால் பேஸ்64 சரத்தை 60 எழுத்துக்கு ஒரு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தலையும் வாலும் போட்டேன். விதிப்படி 75-க்குள். நிம்மதி.

வெட்டியது பேஸ்64 எழுத்துகளை. 60 எழுத்து என்றால் 45 பைட். "உங்கள்" 18 பைட், இடைவெளி 1, "முன்பதிவ" 24. மொத்தம் 43. அடுத்து வரும் உகரக் குறிக்கு மூன்று பைட்: 224, 175, 129. முதல் இரண்டு இந்தப் பொட்டலத்தில், 129 மட்டும் அடுத்ததில். தனித்தனியாகப் பிரித்த மென்பொருளுக்கு முதல் பொட்டலத்தின் வாலில் பாதி எழுத்து, இரண்டாவதின் தலையில் அநாதைப் பைட். இரண்டு டைமண்ட் வந்த கதை இதுதான். இரண்டாவது வெட்டு 90-ஆவது பைட்டில் விழுந்தது. அது "செய்யப்பட்டது" என்ற சொல்லின் நடுவே இருந்தாலும், தற்செயலாக இரண்டு கோட் பாயிண்டுகளின் எல்லையில் அமைந்துவிட்டது. அதனால் அங்கே சேதமில்லை. ஒன்றுமே வெட்டாமல் விதியை மீறி அனுப்பியிருந்தால் அந்த வாடிக்கையாளர் சரியாகவே படித்திருப்பார் என்பது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

எங்கள் சோதனையில் இது ஏன் மாட்டவில்லை? பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்துச் சரிபார்த்தேன். பைத்தானின் டீகோட்_ஹெடர் ஃபங்ஷன் ஒரே எழுத்து முறையில் அடுத்தடுத்து வரும் பொட்டலங்களின் பைட்டுகளை முதலில் ஒட்டிவிட்டு ஒன்றாகக் கொடுக்கும். நல்ல எண்ணத்தில்தான். வெட்டிய எழுத்து அங்கே தானாகவே கூடிவிட்டது. நாங்கள் பார்த்த இன்பாக்ஸ்களும் அப்படியே ஒட்டிக் காட்டியிருக்கின்றன.

லைப்ரரியின் சின்ன ஃபங்ஷன்கள்

மூன்றாவது வழி, பொட்டலம் கட்டுவதற்கென்றே மொழியோடு வரும் கருவிகள். பிஎச்பியில் எம்பி_என்கோட்_மைம்ஹெடர், கோ மொழியில் மைம் பேக்கேஜின் பி, க்யூ என்கோடர்கள், ஜாவாவில் மைம்யுட்டிலிட்டி, பைத்தானில் பழைய ஹெடர் கிளாஸ். நான் செய்த வெட்டுத் தவறை இவை செய்யாது. எழுத்தின் எல்லை பார்த்துத்தான் பிரிக்கும்.

ஆனால் ஒவ்வொன்றும் வேலையில் ஒரு பகுதியை மட்டும் செய்துவிட்டு மீதியை உங்கள் தலையில் விட்டுவிடும். கோ என்கோடர் 75-க்குள் பொட்டலங்களாகப் பிரித்து நடுவில் வெறும் இடைவெளி வைத்துத் தரும்; வரி மடிப்பது உங்கள் பொறுப்பு. மடிக்காமல் விட்டால் ஒரு வரிக்கு 998 எழுத்து என்ற பெரிய எல்லைக்குத் தமிழ் சப்ஜெக்ட் அவ்வளவு சுலபமாக வராது என்றாலும், 76 என்ற விதி முதல் நாளே போய்விடும். ஜாவாவில் எழுத்து முறையைச் சொல்லாமல் விட்டால் கருவி அந்த மெஷினின் இயல்பு முறையை எடுத்துக்கொள்ளும். 2022-இல் வந்த ஜேடிகே 18-இலிருந்துதான் எல்லா மெஷினிலும் இயல்பு முறை யூடிஎஃப்-8 ஆனது. அதற்கு முந்தைய ஜாவாவில், மொழி அமைப்பு எதுவும் வைக்காத ஒரு சர்வரில் ஓடினால் தமிழ் முழுக்க சாதாரணக் கேள்விக்குறிகளாகிவிடும். இப்படிக் கேள்விக்குறி ஆனது திரும்பி வராது, சரக்கே தொலைந்துவிட்டது.

இவற்றில் மோசமான இடறல் அனுப்புநர் வரியில். சப்ஜெக்ட் கட்டமைப்பு எதுவும் இல்லாத வெறும் உரை; எங்கே வேண்டுமானாலும் பொட்டலம் கட்டலாம். அனுப்புநர் வரி அப்படியில்லை. அதில் பெயர் உண்டு, முக்கோண அடைப்புக்குள் முகவரி உண்டு. பெயருக்கு மட்டும்தான் பொட்டலம். பெயரையும் முகவரியையும் ஒரே சரமாக எடுத்து பைத்தான் ஹெடர் கிளாஸிடம் கொடுத்தால் முகவரியையும் சேர்த்துக் கட்டிவிடும். வெளியே பார்க்கிற சர்வருக்கு அனுப்பியவர் யார் என்றே தெரியாது. அதே பைத்தானில் ஃபார்மாட்அட்ர் என்ற ஃபங்ஷன் பெயரைத் தனியாகவும் முகவரியைத் தனியாகவும் கேட்கும், அதுதான் சரியானது. இன்னொரு பழக்கம், ஆங்கிலப் பெயர்களுக்குப் போடுவதுபோல் பொட்டலத்தைச் சுற்றி மேற்கோள் குறி போடுவது. போட்டால் அது பொட்டலமாகவே மதிக்கப்படாது. மண்டபத்தின் பெயரில் ஊர்ப் பெயருக்கு முன் ஒரு காற்புள்ளி இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியபோது அந்தக் காற்புள்ளியை மறைக்க மேற்கோள் குறி தேவைப்பட்டது. இல்லாவிட்டால் காற்புள்ளி இரண்டு அனுப்புநர்களைப் பிரிக்கிற குறியாகிவிடும். தமிழுக்கு மாறியபோது காற்புள்ளி பேஸ்64-க்குள் போய்விட்டது. மேற்கோள் குறியை எடுக்க மறந்தோம். கொஞ்ச நாள் அனுப்புநர் பெயர் =? என்று தொடங்கியது.

பியா, க்யூவா?

இந்தக் கருவிகளில் பல இந்தக் கேள்வியைக் கேட்கும். க்யூ என்பது ஆங்கில எழுத்தை அப்படியே விட்டு, மற்ற ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியும் இரண்டு பதின்அறும எழுத்துமாக எழுதுவது. இடைவெளிக்கு அடிக்கோடு. தமிழ் கோட் பாயிண்ட் ஒன்றுக்கு 9 எழுத்து ஆகிறது; பி-யில் 4. நம் பழைய சப்ஜெக்டையே எடுத்துக்கொள்வோம். 33 தமிழ் கோட் பாயிண்ட், 3 இடைவெளி, 102 பைட். "சப்ஜெக்ட்" என்ற ஹெடரின் ஆங்கிலப் பெயரே, அடுத்து வரும் முக்காற்புள்ளியும் இடைவெளியும் சேர்த்து, முதல் வரியில் 9 இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பி-யில் மூன்று பொட்டலம், உறையோடு 176 எழுத்து. க்யூ-வில் ஆறு பொட்டலம், 372 எழுத்து. ஆறாவது பொட்டலத்தில் கடைசி உகரக் குறி மட்டும் தனியாகக் குந்தியிருக்கும்.

தமிழுக்கு பி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. க்யூ நல்லது என்பவர்கள் சொல்லும் காரணம், மூலத்தைக் கண்ணால் படிக்கலாம் என்பது. ஒரே ஒரு எழுத்துக்கு மேலே புள்ளி வைத்த ஜெர்மன் பெயருக்கு அது சரி. தமிழில் க்யூ-வைக் கண்ணால் படிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. பி-யை ஓரளவு அடையாளம் காணலாம்: தமிழில் தொடங்கும் சப்ஜெக்டின் முதல் சொல்லில் ஒவ்வொரு நான்கு எழுத்தும் 4, கே, அப்புறம் 6 அல்லது கூட்டல் குறி என்று தொடங்கும். முதல் இடைவெளி வந்ததும் தாளம் ஒரு பைட் நகர்ந்து வேறு முகம் காட்டும். லாகில் அதைப் பார்த்தாலே "தமிழ் போயிருக்கு" என்று சொல்லிவிடுவேன்.

ஆங்கிலம் அதிகமாக இருந்து நடுவில் ஒரு தமிழ்ப் பெயர் மட்டும் வருகிற சப்ஜெக்டுக்கு க்யூ குறைவாகப் பிடிக்கலாம். அதை லைப்ரரியே பார்த்துக்கொள்ளட்டும். பைத்தான் எது சின்னது என்று பார்த்து எடுக்கும். பிஎச்பிமெயிலர் ஆஸ்கி அல்லாத பைட்டுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் பி, இல்லாவிட்டால் க்யூ என்று முடிவெடுக்கும். சுத்த ஆங்கிலப் பெயரை "எதற்கும் இருக்கட்டும்" என்று பேஸ்64-இல் கட்டுவது மட்டும் வேண்டாம். ஸ்பாம்அசாசினில் அதற்கும் ஒரு விதி இருக்கிறது. மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் முகமூடி போடுகிறான் என்ற கேள்வி அது.

முழு மெயிலையும் கட்டித் தரும் லைப்ரரி

நான்காவது வழியில் நீங்கள் பொட்டலத்தைப் பார்ப்பதே இல்லை. பைத்தானில் ஈமெயில்மெசேஜ், பிஎச்பியில் பிஎச்பிமெயிலர், நோடில் நோட்மெயிலர், ஜாவாவில் ஜகார்த்தா மெயில். சப்ஜெக்டைத் தமிழிலேயே கொடுத்துவிடுவீர்கள். எது உரை, எது முகவரி, எங்கே மடிப்பது, எங்கே வெட்டலாம் என்பதெல்லாம் அதன் பாடு. மண்டபத்து மென்பொருளை கடைசியில் இதற்குத்தான் மாற்றினோம். 40 வரி கோட் போய் 8 வரியானது.

மாற்றும்போது ஒரு சறுக்கல். பழைய ஒற்றை வரி வைத்தியம் வேறொரு ஃபைலில் மிச்சமிருந்தது. சப்ஜெக்ட் அங்கே ஒருமுறை பொட்டலமாகி, லைப்ரரிக்கு ஆஸ்கியாகப் போய்ச் சேர்ந்தது. சின்ன சப்ஜெக்டை "இது ஆங்கிலம்தானே" என்று லைப்ரரி தொடாமல் விட்டது, சரியாகத் தெரிந்தது. நீளமான சப்ஜெக்டை, வரி நீளம் தாண்டுகிறதே என்று தானும் ஒருமுறை கட்டியது. பொட்டலத்துக்குள் பொட்டலம். வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்தால் உள்ளே இன்னொரு =?. ஆகவே இந்த வழிக்கு மாறுகிறவர்கள் முதலில் பழைய கோட் முழுக்க =? என்ற இரண்டு எழுத்தைத் தேடிப் பார்த்து, கிடைத்த இடத்தையெல்லாம் அழித்துவிட வேண்டும். டேட்டாபேஸில் கூட ஒரு டெம்ப்ளேட் பொட்டலமாகவே சேமிக்கப்பட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வழிக்கு இன்னொரு லாபம் உண்டு. சப்ஜெக்டில் வாடிக்கையாளர் தட்டச்சு செய்த பெயர் சேர்கிறது என்று வையுங்கள். அதில் ஒரு வரி முறிவைச் சேர்த்துவிட்டால் அடுத்த வரி புதிய ஹெடராகிவிடும். உங்கள் சர்வரிலிருந்து ஊருக்கெல்லாம் மெயில் அனுப்ப ஒருவருக்கு வாசல் திறந்தாயிற்று. தமிழ்ப் பெயர் என்றால் பேஸ்64-க்குள் வரி முறிவும் அடங்கிப்போகும். ஆபத்து ஆங்கிலப் பெயரில். "ஆஸ்கிதானே, என்கோட் வேண்டாம்" என்று கையால் எழுதிய கோட் அப்படியே விட்டுவிடும். தமிழில் மட்டும் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது. பைத்தானின் ஈமெயில்மெசேஜ் வரி முறிவைக் கண்டதும் வேல்யூ எரர் கொடுத்து நின்றுவிடும். நிற்கட்டும்.

மெயில் அனுப்பும் சேவைகளின் ஏபிஐ-யும் ஏறக்குறைய இந்த வகைதான். அமேசான் எஸ்இஎஸ் போன்றவற்றில் சப்ஜெக்டையும் எழுத்து முறையின் பெயரையும் தனித்தனியாகக் கொடுக்கும் சாதாரண அழைப்பு ஒன்று உண்டு. அங்கே கட்டுவது அவர்கள் வேலை. முழு மெயிலையும் பச்சையாகக் கொடுக்கும் அழைப்பை எடுத்தால் அது மறுபடியும் உங்கள் வேலை. இரண்டையும் குழப்பி, சாதாரண அழைப்புக்குப் பொட்டலத்தைக் கொடுத்தால் மேலே சொன்ன இரட்டைப் பொட்டலக் கதைதான்.

எதை எப்போது எடுப்பது என்று என்னைக் கேட்டால்: புதிதாக எழுதுகிறவர் யோசிக்காமல் முழு மெயிலையும் கட்டும் லைப்ரரியை எடுக்கட்டும். எம்பெடெட் கருவி, ஷெல் ஸ்கிரிப்ட் மாதிரி அது கிடைக்காத இடத்தில் சின்ன ஃபங்ஷன். சப்ஜெக்டுக்கு மட்டும், அனுப்புநர் வரியை ஆங்கிலத்திலேயே நிரந்தரமாக எழுதிவைத்துக்கொண்டு. ஒற்றை வரி வைத்தியத்தை 13 கோட் பாயிண்டுக்குள் அடங்கும் என்று உறுதியாகத் தெரிந்த மாறாத சப்ஜெக்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஹெடரின் பெயருக்கு 9 இடம் போனால் முதல் வரியில் அவ்வளவுதான் மிச்சம். அதற்கு மேல் ஒரு எழுத்து கூடினாலும் கையால் வெட்டத் தொடங்காதீர்கள்.

எந்த வழியானாலும், திரையில் சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். திரை மன்னிக்கும் குணம் கொண்டது. ஜிமெயிலில் "ஷோ ஒரிஜினல்" என்று போட்டு மூலத்தைப் பாருங்கள். எங்கள் சோதனையில் இப்போது ஒவ்வொரு பொட்டலத்தையும் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன்னளவில் முழு யூடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று பார்க்கிறோம். சோதனைச் சரம் பழைய சப்ஜெக்டேதான். அதற்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போனால் வெட்டு விழும் இடம் ஒவ்வொரு பைட்டாக நகரும். மூன்றில் ஒன்றாவது எழுத்தின் நடுவே விழுந்தே தீரும்.

கெட்டுப்போன சப்ஜெக்ட் ஒன்று கைக்கு வந்தால் முகத்தைப் பார்த்தே காரணம் சொல்லலாம். வெறும் கேள்விக்குறிகள் என்றால் அனுப்புவதற்கு முன்பே தொலைந்தது. எழுத்து முறை சொல்லாமல் விட்ட இடத்தைத் தேடவும். கோடு போட்ட ஏ வரிசை என்றால் பச்சையாகப் போயிருக்கிறது. கறுப்பு டைமண்ட் ஓரிரண்டு என்றால் நடுவே வெட்டு. =? தெரிந்தால் மேற்கோள் குறி, இரட்டைக் கட்டு, நீளம் இந்த மூன்றில் ஒன்று. சொற்கள் ஒட்டிக்கொண்டு "உங்கள்முன்பதிவுஉறுதி" என்று வந்தால் யாரோ சொல் சொல்லாகப் பொட்டலம் கட்டி இடைவெளியை வெளியே விட்டிருக்கிறார்கள்.

மண்டபத்து மெயிலோடு ரசீதும் பிடிஎஃப் ஆகப் போகிறது. ஃபைல் பெயரையும் தமிழில் வைக்கலாமே என்று மேனேஜர் கேட்டார். இணைப்பின் பெயர் ஹெடரில்தான் வருகிறது. ஆனால் அது பொட்டலத்தின் விதிக்குள் வராது. அதற்கு ஆர்எஃப்சி 2231 என்று 1997-இலேயே வேறொரு முறை உண்டு, சதவீதக் குறி வைத்து எழுதுவது. விதியை மீறி அங்கேயும் பொட்டலம் கட்டி அனுப்புகிற மென்பொருளும் ஏராளம், அதை மட்டுமே புரிந்துகொள்கிறவையும் உண்டு. இரண்டு முறையிலும் சேர்த்து எழுதி எல்லோரையும் திருப்திப்படுத்தலாம். "ரசீது எண்ணையே பெயரா வச்சுடலாம்ணே, தேடறதுக்கும் சுலபம்" என்றேன். சரி என்றுவிட்டார்.